கெய்வன் கருவி

நீலமேகம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். ஆனால் கடலில் ஏறினால் வாந்தி எடுப்பான். காசிமேட்டில் இதைவிடக் கேவலம் ஒன்று கிடையாது. தம்பியின் கட்டுமரத்தில் நாலு நாள் போய்ப் பார்த்தான். வலையில் விழுந்த மீனைவிட அவன் வயிற்றிலிருந்து விழுந்ததைத் தின்ன வந்த மீன்தான் அதிகம் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஐந்தாம் நாள் நீலமேகம் கரையேறி, ராயபுரம் ரயில் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மைக்கா கிடங்கில் மூட்டை தூக்கச் சேர்ந்தான். இருபது வருஷத்தில் மேஸ்திரியும் ஆனான்.

மைக்கா என்பது காக்காப்பொன்தான். கூடூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் வரும். பெண்கள் கத்தி வைத்து ஏடு ஏடாகப் பிரிப்பார்கள். நாங்கள் பெட்டியில் அடைத்து ஆணி அடித்துத் துறைமுகத்துக்கு அனுப்புவோம். சீமைக்குப் போய் இஸ்திரிப் பெட்டிக்குள்ளேயும் ரேடியோவுக்குள்ளேயும் உட்கார்ந்துகொள்ளும். அது பளபளப்பாகப் போகும். அதன் தூள் எங்கள் மூக்கில் தங்கிவிடும்.

சுரங்கத்துக்காரர்களில் யோக்கியன் உண்டு, அயோக்கியனும் உண்டு. அயோக்கியன் எடை கூட்டுவதற்காக மூட்டைக்குள் கறுப்புக் கல்லைப் போட்டு அனுப்புவான். நீலமேகம் மூட்டையைத் தோளில் ஏற்றும்போதே, "இதுல கறுப்பன் கீறான்" என்பான். அவிழ்த்துப் பார்த்தால் இருக்கும். கோலிக்குண்டு அளவு கல் குழவிக்கல் மாதிரி கனக்கும். அதையெல்லாம் பொறுக்கிக் கிடங்குக்குப் பின்னால் எறிவான். நாளடைவில் அது ஒரு மேடாகிவிட்டது. மத்தியானக் கஞ்சியை அந்த மேட்டில் உட்கார்ந்துதான் குடிப்பான். இருபது வருஷமாக அதுதான் அவனுக்குச் சிம்மாசனம்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் கம்பெனியில் அச்சடித்த பாரம் ஒன்று வந்தது. எல்லாத் தொழிலாளிக்கும் பெயர், தகப்பன் பெயர், வயசு எழுத வேண்டும். ஐம்பத்தைந்து ஆனவர்களை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மரியாதை என்றால் ஒரு மாலை, அரை டஜன் வாழைப்பழம்.

குமாஸ்தா செல்வநாதன் மேஜை போட்டு உட்கார்ந்தார். நீலமேகம் போய் நின்றான்.

"வயசு?"

"நாப்பது போடு சாமி."

மைக்கா பிரித்துக்கொண்டிருந்த கெங்கம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் வாய்க்கு அந்தக் கத்தியே தேவலை.

"இன்னா மேஸ்திரி, எம்டன் குண்டு போட்ட அன்னிக்கு ஆத்தாவ முதுவுல தூக்கிகினு தண்டையார்பேட்ட வரிக்கும் ஓடனேன்னு தெனம் சொல்லுவியே. எம்டன் வந்து முப்பத்தொம்போது வருசம் ஆவுது. ஒரு வயசுலயா தூக்கினு ஓடன?"

"ஆத்தாதான் என்னத் தூக்கினு ஓட்ச்சி" என்றான் நீலமேகம். "கத சொல்றப்போ மாறிப்பூட்ச்சி."

"இருவது வருசமா மாறிகினே கீதா?"

கிடங்கே சிரித்தது. செல்வநாதன் மட்டும் சிரிக்காமல் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஆத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓட ஒருவனுக்குப் பதினாறு வயசாவது வேண்டும். பதினாறும் முப்பத்தொன்பதும் ஐம்பத்தைந்து. ஒரு மாசம் கூட, ஒரு மாசம் குறைய என்பதெல்லாம் அவர் கணக்கில் கிடையாது.

மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். மாதக் கடைசிக்குள் வயசுக்கு அத்தாட்சி கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பத்தைந்துதான், வீட்டுக்குத்தான்.

நீலமேகத்துக்கு வீடு என்றால் தம்பியின் கட்டுமரம். வேறு பிழைப்பு தெரியாது. தம்பி விஷயம் கேள்விப்பட்டு, அண்ணனுக்குத் துடுப்பு தயார் என்று சொல்லி அனுப்பினான். துடுப்போடு மோந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்திருக்கிறானாம். தம்பி பாசம் அப்படிப்பட்டது.

அத்தாட்சிக்கு எங்கே போவது? குப்பத்தில் பிள்ளை பிறந்தால் எந்தக் காற்று அடித்தது, எந்த மீன் பட்டது என்று சொல்வார்களே ஒழிய, தேதி எழுதி வைக்க மாட்டார்கள். எங்களில் தேவப்பிரியத்துக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. மாதா கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் இருந்தது.

"ஒங்க சாமி எய்தி வெக்கல மாமு" என்று அவன் நீலமேகத்தைச் சீண்டினான். "எங்க சாமியாரு எய்தி வெச்சிகீறாரு. தேதி, கெயம, மணியோட. எனக்கு இன்னும் அஞ்சு வருசம் கீது. எவனும் அசைக்க முடியாது."

மாதம் முடிய எட்டு நாள் இருந்தபோது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. காவல்காரன் உள்ளே ஓடி வந்தான்.

"கவர்மெண்டு ஆபீசருங்கோ! கெய்கர் கருவி எட்த்துகினு வந்துகீறாங்கோ. எல்லாத்தியும் செக் பண்ணுவாங்களாம்!"

எங்கள் பக்கம் கிழவனைக் கெய்வன் என்றுதான் சொல்வோம். காவல்காரன் சொன்னது கெய்கர். எங்கள் காதில் விழுந்தது கெய்வன். அந்த மாதத்தில் வேறெப்படி விழும்? கிழவனைக் கண்டுபிடிக்கக் கம்பெனி கருவி வரவழைத்துவிட்டது என்று நொடியில் கிடங்கு முழுவதும் பரவிவிட்டது. நரைத்த தலைகள் எல்லாம் துண்டுக்குள் போயின. ஒருத்தர் விளக்குக்கரியை மீசையில் தடவிக்கொண்டார். ஐம்பத்தைந்தை எட்டாத நானே, எதற்கும் இருக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

நீலமேகம் ஓடவில்லை. பின்பக்கம் போய்க் கறுப்புக் கல் மேட்டில் உட்கார்ந்துகொண்டான்.

அதிகாரி பாஸ்கர் சின்ன வயசுக்காரர், காக்கிக் கால்சட்டை. கையில் ஒரு பெட்டி, அதிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு குழல். குழலை நீட்டிக்கொண்டு கிடங்கில் நடந்தார். டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். தேவப்பிரியத்தைத் தாண்டும்போது இரண்டு டிக். அவன் முகம் வெளுத்துவிட்டது. மாதா கோயில் புத்தகத்தையே சந்தேகப்பட்டிருப்பான்.

பின்பக்கம் போனார். குழல் நீலமேகத்தின் பக்கம் திரும்பியது. பெட்டி சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று வெடித்துத் தள்ளியது.

"அடி ஆத்தே!" என்றாள் கெங்கம்மா. "அசல் கெய்வன்!"

நீலமேகம் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். "போதும் நைனா, நிப்பாட்டு. எனக்கு ஒடம்புல தெம்பு கீது. வேணும்னா ரெண்டு மூட்ட ஒண்ணா தூக்கிக் காட்றேன். கடலுக்கு மட்டும் அனுப்பாத."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சொல்லிப் புரிந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "கெய்கர்ங்கிறது ஒரு வெள்ளைக்காரர் பேருய்யா. சத்தம் போட்டது உன்னைப் பார்த்து இல்லை. நீ உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்து. இதில் யுரேனியம் இருக்கு. அதைத் தேடித்தான் வந்திருக்கோம்."

கல்லின் பெயர் சமர்ஸ்கைட் என்றார். நீலமேகம் அன்றுமுதல் அதைச் சமரசக் கல் என்றே சொல்லி வந்தான்.

"இதுக்கு வயசு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய நூற்றறுபது கோடி வருஷம்."

"எவன் எய்தி வெச்சான்?" என்று கேட்டான் தேவப்பிரியம்.

அதிகாரி சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு கோடாகப் போட்டுக் காட்டினார். அடியில் பல்லாவரத்துக் கருங்கல், எல்லாருக்கும் பாட்டன். அப்புறம் பூமி வெடித்த சந்தில் குழம்பு ஏறி உறைந்த கூடூர்க் கல், மைக்காவும் இந்தக் கறுப்பனும் அதில் கூடப் பிறந்தவை. அதற்கு மேல் கடப்பைப் பலகைக்கல். அதற்கும் ரொம்பப் பின்னால், இலைத் தடம் பதிந்த ஸ்ரீபெரும்புதூர்க் களிமண். எண்ணூர் மணல் நேற்றுப் பிறந்த கைக்குழந்தை. யுரேனியம் மெள்ள மெள்ள ஈயமாக மாறுமாம். கல்லுக்குள் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயசு வந்துவிடுமாம்.

நீலமேகத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப என்னியும் அளந்து ஒரு சீட்டு குடு நைனா!"

"யோவ், அறிவு கீதா?" என்றாள் கெங்கம்மா. "சின்ன வயசுல ஒங்க நைனா வலைக்கு ஈயக்குண்ட பல்லால கட்ச்சிக் கட்ச்சி மாட்டனவன் நீ. வயித்துல எம்மாம் ஈயம் கீதோ? அளந்தா பல்லாவரம் மலைக்கு அண்ணன்னு வரும்."

நியாயமான பேச்சு. நீலமேகம் இரண்டடி பின்னால் போனான். மனுஷனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அதிகாரி சொன்னதும்தான் மூச்சு விட்டான்.

"கல்லு கணக்கு சரியா வருமா?"

"பத்துக் கோடி வருஷம் முன்னே பின்னே இருக்கலாம்."

"கல்லுக்குப் பத்துக் கோடி முன்ன பின்ன வுட்டுக் குடுக்கறீங்கோ" என்றான் நீலமேகம். "எனக்குப் பதினஞ்சு வருசம் வுட்டுக் குடுக்கக் கூடாதா?"

அதிகாரி சுண்ணாம்புக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லுக்கு வயசானால் அரசாங்கம் ஜீப் போட்டுத் தேடி வருகிறது, மனுஷனுக்கு வயசானால் வாழைப்பழம் கொடுத்து அனுப்புகிறது. அதற்கு அவர் என்ன செய்வார்?

மேட்டில் பல ஜாதிக் கறுப்புக் கல் கலந்து கிடந்தது. பெட்டியை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தால் வாரக்கணக்காகும். நீலமேகம் குந்தி உட்கார்ந்து, கையில் தூக்கித் தூக்கி, "கீறான், இல்ல, கீறான்" என்று இரண்டு குவியலாகப் போட்டான். அதிகாரி அங்கங்கே ஒன்றை எடுத்துப் பெட்டியை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பதினொன்று சரி. இரண்டு நாளில் மேடு முழுவதும் பிரிந்தது.

மூன்றாம் நாள், இந்த ஆளை வேலையிலேயே வைத்திருந்து இனி வரும் கல்லையும் பிரித்து அனுப்பச் சொல்லி, அதிகாரி மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலும் பெயர், தகப்பன் பெயர், வயசு என்று இருந்தது. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நீலமேகத்தை ஏற இறங்கப் பார்த்தார். படித்தவர், பொய் எழுதக் கை வராது. "வயது: நிர்ணயிக்கப்படவில்லை" என்று எழுதி முத்திரை குத்தினார்.

அந்தச் சொல்லைத் தாண்ட மேனேஜரால் முடியவில்லை. முத்திரை போட்ட அரசாங்கக் காகிதம் நிர்ணயிக்கவில்லை என்று சொல்லும்போது, செல்வநாதனின் எம்டன் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாதக் கடைசி வந்தது, போனது. எலுமிச்சம்பழம் தம்பி வீட்டிலேயே காய்ந்தது.

ஐம்பத்தெட்டில் தேவப்பிரியத்துக்கு மாலை போட்டார்கள். தேதி, கிழமை, மணியோடு. மாலையைக் கழற்றி அவன் நீலமேகத்தைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மேனேஜர் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. மேற்படி நீலமேகத்தின் வயதை நிர்ணயித்துத் தெரிவிக்கவும் என்று கனிமம் தேடும் அந்த ஆபீசுக்கே எழுதினார். வயது நிர்ணயம் என்று பார்த்தவுடன் அங்கே யாரோ கல்லுக்கென்று வைத்திருக்கும் வழக்கமான அச்சடித்த பதிலை அனுப்பிவிட்டார்கள். செல்வநாதன் அதை உரக்கப் படித்தார். மாதிரி ஐந்து பவுண்டு எடையில், மரப்பெட்டியில் அடைத்து, கிடைத்த இடத்தைக் குறித்து அனுப்பி வைக்கவும்.

நீலமேகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"கெட்ச்ச எடம் காசிமேடுன்னு எய்திக்கோ சாமி. அஞ்சு பவுண்ட எந்தப் பக்கம் வெட்டப் போறீங்கோ, அத்த மட்டும் முன்னாடியே சொல்லிடுங்கோ."

மேனேஜர் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து மேஜை டிராயருக்குள் போட்டார். வாசலில் கூடூர் லோடு வந்து நிற்பதாகக் கத்தினார்கள். நீலமேகம் மூட்டை இறக்கப் போனான்.