கன்னியப்பன் சாரும் டென்ஷன் என்கிற கிளியும்

சென்ற மாதம், காய்கறி வாங்கிக்கொண்டு திண்டிவனம் சாலையைக் கடக்கக் காத்திருந்தபோது கன்னியப்பன் சாரின் மனைவி சரோஜா அம்மாவின் போன் வந்தது. "சார், அவரு விடிகாலையில தூக்கத்துலயே போயிட்டாரு." லாரிகள் எல்லாம் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

கன்னியப்பன் சாரிடம் விளையாடக் கற்றவர்களுக்கு அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி மைதானத்தில் அவர் அதட்டினால் ராஜகிரி மலை திருப்பி அதட்டும் என்பார்கள். அதே பள்ளியில் வரலாறு நடத்திய என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. எங்கள் நட்பைக் கெட்டிப்படுத்தியது ஒரு கிளி.

வேலை மாற்றலாகிப் போன அவர் மகள் விட்டுச்சென்ற வெளிநாட்டுக் கிளி அது. சாம்பல் உடல், மஞ்சள் கொண்டை. ஆள் நிழல் பட்டாலே கொண்டை விறைத்துக்கொள்ளும். கூண்டுக் கம்பியில் போய் மோதும். சார் அதற்கு 'டென்ஷன்' என்று பெயர் வைத்துத் தமக்குத் தெரிந்த முறையில் பழக்கத் தொடங்கினார். கூண்டின் முன் விறைப்பாக நின்று, விசில் ஊதி, "டென்ஷன், கைமேல ஏறு" என்றார். கிளி தலைகீழாகப் புரண்டது. உள்ளேயிருந்து சரோஜா அம்மா, "அது இன்னா, கபடி டீமா? புள்ளைங்கதான் பயந்துச்சிங்க, அதையாச்சும் வுடுங்க" என்றார்.

அன்று நானும் அங்கிருந்தேன். எனக்கு அலகென்றால் பயம். ஆகவே கூண்டை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, பேப்பரை முணுமுணுவென்று படித்துக்கொண்டிருந்தேன். டென்ஷன் கம்பியோரம் வந்து, கொண்டை படிய, தலையைச் சாய்த்துக் கேட்டதாம். "சார், அசையாதீங்க. இன்னா பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்று சார் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து நான் கேட்டது அதுவே முதல்முறை.

மறுநாள் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஓய்வுபெற்ற பிறகும் கழற்றாமல் வைத்திருந்த விசில். அதன்பின் மாலைதோறும் இருவரும் பக்கவாட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்தோம். ஊர்ச் செய்தி எனக்கு, விளையாட்டுப் பக்கம் அவருக்கு. கூண்டுக் கதவருகே தினைக்கதிரோடு அவர் கை நீண்டிருக்கும். மழைக்காலம் முழுவதும் டென்ஷன் அதைத் தீண்டவில்லை. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "அதுக்குத் தோணும்போது வரும் சார். பஸ்ஸா போயிடப்போவுது?" என்றார். பொங்கல் நெருங்கிய ஒரு மாலையில், கிரிக்கெட் செய்தியின் நடுவே டென்ஷன் அவர் விரலில் ஏறியது. அந்த மனிதர் கத்தவில்லை. கண்களை மட்டும் அகல விரித்து என்னைப் பார்த்தார். ஒரு பையன் கோப்பை வாங்கியதற்குக்கூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

என்னையும் கை நீட்டச் சொல்வார். என் கை நடுங்கும். வயது பாதி, சுபாவம் பாதி. "நடுங்கட்டும் சார். ஆடுற கெளையில உக்காராத கிளியா? கைய மட்டும் இழுத்துடாதீங்க." ஒவ்வொரு முறையும் இழுத்துவிடுவேன். அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்புக்கு டென்ஷன் பயப்படுவதில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் சரோஜா அம்மா அழைத்தார். "நேத்துலேந்து ஒண்ணும் தொடல சார். யார் கிட்டப் போனாலும் மோதிக்குது. இதுவும் போயிடுச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

என்னால் ஆகும் என்ற நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். பழைய நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து கூண்டைத் திறந்தேன். ஊர்ச் செய்தியைப் படித்து முடித்தேன். டென்ஷன் மூலையில் விறைத்திருந்தது. பிறகு அவருடைய விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். நீட்டிய கையில் தினைக்கதிர் சலசலத்தது. சற்று நேரத்தில் விரலில் சில்லென்று நகங்கள் பட்டன. நான் கையை இழுக்கவில்லை. கை நடுங்க, அந்த நடுக்கத்தோடு ஆடியபடியே டென்ஷன் தினையைக் கொறிக்கத் தொடங்கியது. கொண்டை மெல்லப் படிந்தது.

"பாருங்க, ஊஞ்சலாடுது" என்று சரோஜா அம்மா அழுகைக்கிடையே சிரித்துவிட்டார்.

விசிலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை ஊதும் மூச்சு எனக்கில்லை. ஆணியிலேயே இருக்கட்டும் என்றேன். சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது விளையாட்டுப் பக்கத்தை. மாலைதோறும் போய்ப் படிக்கிறேன், இப்போதெல்லாம் கொஞ்சம் சத்தமாகவே. டென்ஷனுக்கு ஆட்சேபம் இல்லை.