அளந்து போட்ட சோறு

காலை பத்தே முக்காலுக்கு மகள் படிக்கும் பள்ளியிலிருந்து போன் வந்தது. மூச்சு விட முடியவில்லை என்று வகுப்பிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

பதுளை ஆஸ்பத்திரியில் இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்தார்கள். குறையில்லை, பயம்தான் என்றார்கள். பயப்பட எதுவுமே நடக்கவில்லை என்று அவள் அழுதாள். மனநல மருத்துவர், தமிழ் பேசும் இளம் பெண், பிறந்தபோது எவ்வளவு நிறை என்று கேட்டார்.

"மாசம் நிறைஞ்சுதான் பொறந்தா டொக்டர். ஆனா ரொம்பச் சின்னது."

அவர் பொறுமையாக விளக்கினார். தாயின் வயிற்றில் சத்துப் போதாமல் வளர்ச்சி தடைப்பட்ட சிசு, கிடைத்ததை வைத்துத்தான் மூளையைக் கட்டிக்கொள்கிறது. தூக்கம், மனநிலை, பயம் இவற்றை ஒழுங்குபடுத்தும் செரோட்டோனின் என்ற இரசாயனம் சுரக்கும் அளவு அப்போதே மாறிவிடலாம். பிறகு நன்றாகச் சாப்பிட்டாலும் அது முழுதாகச் சீராகாமல் போகலாம். விலங்குகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

"உங்க மகளுக்கு இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்மா. ஒரு காரணமா இருக்கலாம். மருந்து இருக்கு, குணப்படுத்தலாம்" என்றார்.

'இருக்கலாம்' எனக்குப் போதும். எனக்கு ஆள் தெரியும்.

என் கணவரின் அக்கா. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில், மகள் என் வயிற்றில் இருந்தபோது சமையல் அவள் கையில். பிள்ளைத்தாய்ச்சி வயிறாரச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து, பிரசவம் கஷ்டமாகும் என்பது அவள் சட்டம். என் தட்டில் ஒரு அகப்பை சோறு விழும். "போதும் தாயி, புள்ள பூசணிக்காயாட்டம் வளந்துரும்" என்று சட்டியை மூடிவிடுவாள். கிளினிக்கில் கொடுத்த சத்துமாவைக் கரைத்து மாட்டுக்கு வைத்தாள். மாடு கொழுத்த கன்று போட்டது.

வார்டில் மகள் மருந்து மயக்கத்தில் தூங்கியதும் அந்த அக்காவுக்கு போன் செய்தேன். "அண்ணி, புள்ளய ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. ஒடனே வாங்க." காரணம் சொல்லவில்லை. பஸ் மாறி மாறி, என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டே வரட்டும். டொக்டர் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொல்லி, 'நான்தான் கெடுத்தேன்' என்று அவள் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

"இப்ப வேணாமே" என்றார் கணவர்.

"நீங்க அப்பவே வாயத் தொறந்திருக்கணும்" என்றேன்.

பார்க்க வருகிறவர்களை வெளியே அனுப்பும் நேரத்தில் அவள் வந்தாள், மழையில் நனைந்த சேலையோடு. எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"என் மொதப் புள்ள பெருசு. வெளிய வர முடியாம, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில தோட்டத்து லொறியிலேயே செத்துருச்சு. நானும் பாதி செத்தேன். ஒனக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் அளந்து போட்டேன். நீயும் உசுரோட இருக்க, இவளும் இருக்கா. திரும்பக் கேட்டாலும் அதத்தான் செய்வேன். அடிக்கணும்னா அடி தாயி. புள்ள முழிக்கிறதுக்குள்ள அடிச்சிரு."