திரும்பி வரும் கேப்டன்

எங்கள் வீட்டில் அந்த விண்வெளித் தொடரை யாரும் வாயை மூடிக்கொண்டு பார்த்ததில்லை. நானும் தம்பியும் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய தொடர் அது. கப்பல்கள் மாறின, கேப்டன்கள் மாறினார்கள், கதை மட்டும் மாறவே இல்லை. கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் மனைவியின் படத்தை எடுத்துக் காட்டினால் அடுத்த கிரகத்தில் அவன் காலி. வெடிகுண்டு கடைசி நொடியில்தான் நிற்கும். அடி விழும்போதெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் தீப்பொறி பறக்கும். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஃபியூஸ் போடத் தெரியாதா என்று நான் கத்துவேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப் பிழை இருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் அந்தத் தொடரை விடாமல் பார்த்ததற்குத் தம்பிதான் காரணம். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சனிக்கிழமைகளில் கிள்ளான் மையத்தில் அவன் டயாலிசிஸ் மிஷினோடு கிடக்கும்போது, பக்கத்தில் நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு என் போனில் பார்ப்போம். அடுத்து என்ன நடக்கும் என்று முதலில் சொல்பவருக்கு வெற்றி. பரிசு ஓர் ஐஸ் கட்டி.

ஐஸ் கட்டியா என்று சிரிப்பவர்கள் டயாலிசிஸ் நோயாளியோடு வாழாதவர்கள். குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், எங்கள் பண்டமாரான் வீட்டில் அம்மா காலையில் அவனுக்கென்று ஒரு போத்தலில் தண்ணீர் ஊற்றி வைப்பார். அது தீர்ந்தால் அன்றைய தண்ணீர் தீர்ந்தது. ரசமும் அந்தக் கணக்கில்தான் வரும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. அவனுக்கு விஷமான நட்சத்திரப் பழம் வீட்டு வாசலையே மிதிக்காது. அதனால் மையத்துக்குக் கீழே இருக்கும் கடையில் நான் வாங்கி வரும் எலுமிச்சை ஐஸ் டீயில் அவன் கண் எப்போதும் இருக்கும். அவன் ஜெயித்தால் அதிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அவன் வாயில் போடுவேன். கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் மாற்றி மாற்றி, அது கரையும்வரை பேசமாட்டான். தோற்றால் நான் அவன் எதிரிலேயே அதைக் கடகடவென்று கடித்துத் தின்பேன். அக்காக்கள் அப்படித்தான்.

"மிஸி, இந்த அக்கா என்னைக் கொடுமை பண்றாங்க லா," என்று நர்ஸிடம் புகார் சொல்வான்.

அவனுக்கு ஆகவே ஆகாத ஒன்று, கப்பல் டாக்டரின் நீல விளக்கு. எந்த நோயாக இருந்தாலும் கதை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த விளக்கை உடம்பின் மேல் காட்டுவார், நோயாளி எழுந்து நடப்பான். "ஏமாத்து வேலை அக்கா," என்பான். சொல்லிவிட்டுத் தன் கையில் குத்தியிருக்கும் ஊசிகளைப் பார்ப்பான். அப்போது நான் ஜெயித்திருந்தாலும் ஐஸ் கட்டியை அவனுக்கே கொடுத்துவிடுவேன்.

எனக்கு ஆகாதது, செத்தவர்கள் திரும்பி வருவது. அழ வைப்பார்கள், கொடி போர்த்துவார்கள், அடுத்த ஆண்டு வேறொரு காலத்திலிருந்தோ வேறொரு உலகத்திலிருந்தோ ஆளைக் கூட்டி வந்துவிடுவார்கள். நம் கண்ணீருக்கு என்ன மரியாதை? போன சீசன் கடைசியில் கேப்டன் எரியும் கப்பலோடு போனபோது நான் எழுத்தாளர்களை முதல்முறையாகப் பாராட்டினேன்.

"இந்தத் தடவை நிஜமாவே செத்துட்டார்டா. முதுகெலும்பு வந்திருக்கு இவனுங்களுக்கு."

"வருவார் அக்கா. கன்ஃபர்ம். பெட் கட்டு."

"ஒரு ஐஸ்."

"பெரிய ஐஸ்," என்றான்.

அடுத்த சீசன் வருமுன் அவன் போய்விட்டான். வார நாள் ஒன்றில் காலையில், மிஷினில் படுப்பதற்கு முன்பே இதயம் நின்றுவிட்டது. நான் அச்சகத்தில் யாரோ ஒருவரின் காதுகுத்து அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தேன். தொடரில் சாகிறவர்களுக்கு அழகாக ஒரு கடைசி வசனம் பேச நேரம் இருக்கும். என் தம்பி எனக்குக் கடைசியாக அனுப்பிய மெசேஜ், "அக்கா சனிக்கிழமை வரும்போது சார்ஜர் எடுத்துட்டு வா லா." அந்தச் சார்ஜர் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

புதிய சீசன் தீபாவளிக்கு முந்திய வாரம் வந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் பண்டமாரானுக்குப் போகையில், கொமுட்டர் ரயிலின் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டி, முதல் பகுதியைப் போட்டுவிட்டேன். தலைப்பு வருவதற்கு முன்பே கேப்டன் புகைக்குள்ளிருந்து நடந்து வந்தார். சட்டையில் ஒரு கறைகூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எறிந்திருப்பேன். யார் யாரோ திரும்பி வருகிறார்கள், என் தம்பிக்கு மட்டும் வழி தெரியவில்லையா? வாய்விட்டு அழுதேன். எதிரில் இருந்த மலாய்க்கார அக்கா டிஷ்யூ பொட்டலத்தை என் மடியில் வைத்தார்.

வீட்டில் அம்மா அவன் அறையிலேயே படையல் போட்டுக்கொண்டிருந்தார். செத்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். இலையில் கோழிக்கறியும் தோசையும் ஓர் ஓரமாகத்தான் இருந்தன. மற்ற இடமெல்லாம் இளநீர், ஐஸ் மைலோ, ஒரு கிண்ணம் ரசம், வாழைப்பழம், வெட்டிய நட்சத்திரப் பழம். நடுவில் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய சொம்பு. இத்தனை வருஷம் அளந்து அளந்து கொடுத்த கை, அளக்காமல் ஊற்றியிருந்தது.

நான் ஃப்ரீசரைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய ஐஸ் கட்டியை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டு வந்தேன்.

"இது எதுக்குடி?"

"பந்தயத்துல அவன் ஜெயிச்சிட்டான்ம்மா."

அம்மா வாழைப்பழத்தைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தார்.

சூடம் காட்டிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வருகிறவர் யார் கண்ணிலும் படாமல் சாப்பிடட்டும் என்பதற்காக. கூடத்தில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டில் முறுக்கு சுடும் வாசனை வந்தது. உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நானேதான். செத்தவர்கள் திரும்பி வருவதைச் சகிக்காத அதே நான்.

பிறகு அம்மா எழுந்து, செருமிவிட்டு, கதவை மெல்லத் தட்டித் திறந்தார். நான் முதலில் சொம்பைத்தான் பார்த்தேன். தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. இளநீர் அப்படியே இருந்தது. மைலோ டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. கிண்ணத்தில் ஐஸ் இல்லை, அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

"பாரு, ஐஸை மட்டும் எடுத்துக்கிட்டான்," என்றார் அம்மா.

பிழையைக் கண்டால் விடாதவள் நான். "ஆமாம்மா," என்றேன்.

அம்மா கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"இன்னொன்னு கொண்டாந்து வை. இனிமே அவனுக்கு ஒன்னும் செய்யாது."