யசிந்தா அடுக்கிய கொப்பிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தக் கடற்கரை ஊர் டிஸ்பென்சரியில் ஆட்களின் வரிசையைத் தேடினால் கிடைக்காது. வாசலில் உட்காரப் போட்ட நீள வாங்கில் கொப்பிகளின் வரிசைதான் இருக்கும். பிரஷர்காரர், சீனி கூடிய சலரோகக்காரர், நெஞ்சு நோக்காரர் எல்லாருடைய மருந்து எழுதும் கிளினிக் கொப்பியும் மண்ணிறத் தாள் உறை போட்டு, சொப்பிங் பையில் சுற்றி அங்கே வந்து சேர்ந்துவிடும். கொப்பியின் சொந்தக்காரர் வீட்டில் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் கடலில் நிற்பார். அந்தக் கொப்பிகளை ஒழுங்காக அடுக்கி உள்ளே கொடுப்பது யசிந்தாவின் வேலை.

வேலை என்று சொன்னாலும் அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. சம்பளமும் கிடையாது. ஐம்பது வயது, வாடியில் கருவாடு போடுகிறவள், அவளும் ஒரு பிரஷர்காரிதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மீன்பிடித்துவிட்டுக் கடலால் ஒன்பது மணிக்கு வந்த அவளுடைய புருஷன் செபநாயகத்தை அன்றைய நம்பர் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். மனுஷன் ரோசத்தில் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, பிரஷர் குளிசையும் போடவில்லை. நாலாம் மாதம் வாய் கோணிப் படுத்துவிட்டான். தேறி எழும்பினான்தான், ஆனால் இடது கை இன்றைக்கும் வலையை இறுக்கிப் பிடிக்காது.

அதற்குப் பிறகுதான் யசிந்தா போய் அந்த வாங்கடியில் இருந்தாள். சாப்பிடாமல் இரத்தம் கொடுக்க வந்தவர்களின் கொப்பி மேலே. கைக்குழந்தைக்காரர் அதற்குக் கீழே. கடலுக்குப் போன ஆண்களின் கொப்பி எல்லாவற்றுக்கும் அடியில். வள்ளம் கரைக்கு வந்து, மீனை விற்று, குளித்துவிட்டு வர அவர்களின் முறை சரியாக இருக்கும். முந்தி வந்தவருக்கு முந்தி என்ற நியாயத்தை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. சண்டைக்கு வருகிறவர்களை, "சலரோகக்காரி மயங்கி விழுந்தால் நீங்களோ தூக்குவியள்?" என்று ஒரே கேள்வியில் இருத்திவிடுவாள். அவள் காய்ச்சலாகக் கிடந்த ஒரு கிழமை டிஸ்பென்சரித் தாதி மிஸ்ஸி தானே அடுக்குகிறேன் என்று வெளிக்கிட்டு, பத்து மணிக்குள் மூன்று சண்டையை விலக்க வேண்டி வந்தது. இதை யசிந்தா இன்னும் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், அவளுக்கு அந்தப் பெருமை தகும்.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கத்தின் புதுத் திட்டம் பற்றிய கதை வந்தது. ஆளுக்கொரு அட்டை, குடும்பத்துக்கொரு டொக்டர், கொப்பிக்குப் பதிலாகக் கணினி. துண்டுப் பிரசுரத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதுதான் ஊருக்கு முதல் சந்தேகம். இலவச மருந்தை நிறுத்தப் போகிறார்கள் என்றார் ஒருவர். உடம்பு வருத்தத்தைக் கணினியில் ஏற்றினால் பிள்ளைகளுக்குக் கனடா விசா கிடைக்காது என்றார் இன்னொருவர். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் இன்னாசித்தம்பி ஒரே வசனத்தில் முடித்தார்.

"பதிவு எண்டு வந்தால் ஒருத்தரும் பேர் குடுக்காதேங்கோ."

ஊர் தலையாட்டியது. யசிந்தாவும் தலையாட்டினாள். அவளுக்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த கையோடு வீட்டுக்கு வீடு ஆமிக்காரரின் பதிவு நடந்தது. அவளுக்கு அப்போது இருபது வயது. வீட்டில் அவளுடைய எழுத்துத்தான் முத்து முத்தாக இருக்கும் என்று தாளை அவளிடம் கொடுத்தார்கள். அண்ணன் மரியதாஸின் பெயரை அவள்தான் எழுதினாள். இரண்டு மாதம் கழித்து ஒரு சுற்றிவளைப்பில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பெயர் வாசித்தார்கள். மரியதாஸ் இன்றுவரை வீடு வரவில்லை. அன்றைக்கு விட்டவள்தான், அதற்குப் பிறகு வேறொருவரின் பெயரை அவள் எங்கும் எழுதியதில்லை. இத்தனை வருடம் கொப்பி அடுக்கியும் ஒரு துண்டுத் தாளில்கூடப் பெயர் குறித்து வைத்ததில்லை. எல்லாம் அவளுடைய மனதில்தான்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். திட்டத்துக்குப் பொறுப்பாக உடுப்பிட்டியிலிருந்து பிரசாந்தி என்ற டொக்டர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று கிழமைக்கு முன் ஊருக்குக் கொடுத்த தொளாயிரம் படிவங்களில் இருபத்தேழுதான் நிரப்பி வந்திருந்தன.

"நான் ஒளிக்காமல் சொல்லுறன்," என்றார் டொக்டர். "ஐந்நூறு பேர் பதிஞ்சால்தான் இஞ்சை டொக்டர் வருவார். இல்லாட்டி இந்த டிஸ்பென்சரியை மூடிப்போட்டு, உங்களைப் பட்டினத்து ஆசுப்பத்திரியோடை சேர்ப்பினம். மாதம் முடிய முதல் நான் எண்ணிக்கை குடுக்க வேணும்."

டிஸ்பென்சரியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, ஊரே ஒற்றுமையாக நின்று மூன்று கிழமையாக அதற்குப் பூட்டுத் தேடியிருக்கிறது. இப்படி ஒரு பிழையை விட எங்கள் சனத்தால்தான் முடியும்.

"உது வெருட்டு," என்றார் இன்னாசித்தம்பி. "வெருட்டிப் பேர் வாங்கப் பாக்கினம்."

யசிந்தா புருஷனைப் பார்த்தாள். அவன் இடது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். பட்டினம் பதினாலு கிலோமீற்றர், காலையில் ஒரேயொரு பஸ், அதுவும் வள்ளம் வருமுன் போய்விடும். டிஸ்பென்சரி பூட்டினால் அவன் பட்டினத்துக்குப் போகவே மாட்டான். மறுபடி வாய் கோணினால் எழும்பவும் மாட்டான். பெயர் எழுதவும் அவளுக்குப் பயம், எழுதாமல் விடவும் பயம். எழுந்து நின்றாள்.

"டொக்டர், எனக்கு நாலு கேள்வி இருக்கு. வாயாலை சொல்ல வேண்டாம். எழுதி, கீழை உங்கடை கையெழுத்தையும் போட்டுத் தாங்கோ."

"கையெழுத்து ஏன் அம்மா?"

"எல்லாரும் எங்களிட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போயிருக்கினம். ஒருத்தரும் எங்களுக்குப் போட்டுத் தந்ததில்லை."

பிரசாந்தி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு படிவத்தைத் திருப்பிப் பேனையை எடுத்தார். கடலுக்குப் போனவருக்கு வள்ளம் வந்த பிறகு நம்பர் கிடைக்குமா? கிடைக்கும் என்று எழுதினார். கடலில் நிற்கிறவரின் குளிசையைப் பெண்சாதி வந்து எடுக்கலாமா? எடுக்கலாம். கொப்பியைப் பறிப்பீர்களா? இல்லை, அது உங்களிடமே இருக்கும். ஒவ்வொன்றையும் எழுத எழுத உரத்து வாசித்தார்.

"நாலாவது. நாங்கள் குடுக்கிற பேரை வேறை ஆர் பாப்பினம்?"

பேனை நின்றது.

"வைத்தியப் பகுதி ஆக்கள் மட்டும்தான் பாக்கலாம் எண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கினம், அம்மா. நாளைக்கு வேறை ஆர் பாப்பினம் எண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப அதை அப்பிடியே எழுதுங்கோ."

டொக்டர் 'தெரியாது' என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

"பாத்தியளே," என்று சிரித்தார் இன்னாசித்தம்பி. "தெரியாதாம்."

"அண்ணை, மரியதாசைக் கொண்டு போகேக்கை, விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டுதான் சொன்னவை. நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே. இந்த முப்பது வருசத்திலை, தெரியாது எண்டு உண்மையை எழுதித் தந்தது இந்தப் பிள்ளை ஒராள்தான்."

இன்னாசித்தம்பியும் மரியதாசும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள்.

யசிந்தா பேனையை வாங்கித் தன் பெயரை எழுதினாள். அடுத்த படிவத்தில் செபநாயகத்தின் பெயரை எழுதினாள். எழுத்து அதே முத்து எழுத்துத்தான். நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை, உங்கடை கொப்பி எப்பவும் அடியிலைதானே. இதுவும் அடியிலையோ?"

அவர் மெல்ல எழுந்து வந்தார். "இண்டைக்கு மேலை வை, பிள்ளை," என்றார்.

அதற்காக ஊர் முழுவதும் திரண்டு வந்து கையெழுத்துப் போட்டது என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் அப்படி லேசில் போகிற சாமான் இல்லை. யசிந்தா டொக்டர் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை வீடு வீடாகப் போனாள். நாலு பதிலையும், அந்தத் 'தெரியாது' உட்பட, வாசித்துக் காட்டினாள். மாட்டோம் என்றவர்களை நெருக்கவில்லை, உங்கள் கொப்பிக்கும் வாங்கில் இடம் இருக்கும் என்று மட்டும் சொன்னாள். எழுதத் தெரியாதவர்களுக்குத் தானே எழுதிக் கொடுத்தாள். முப்பது வருடம் வேறொருவர் பெயர் எழுதாத கை அது.

மாதக் கடைசியில் டிஸ்பென்சரிக்கு வந்த பிரசாந்தியின் மேசையில் படிவக் கட்டைக் கொண்டுபோய் வைத்தாள். அறுநூற்று நாற்பத்தொரு பேர். டிஸ்பென்சரி தப்பிவிட்டது. மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டொக்டர் தாள்களைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது என்ன ஒழுங்கு அம்மா? வீட்டு இலக்கமும் இல்லை, அகரவரிசையும் இல்லை."

"கடலுக்குப் போறவை அடியிலை, டொக்டர்."

பிரசாந்தி சிரித்துக்கொண்டே கட்டின் அடிக்குப் போனார். கடைசித் தாளில் கை நின்றது. பெயர்: மரியதாஸ். வயது: ஐம்பத்து நாலு. என்ன வருத்தம் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தது.

"அம்மா, இதை நான் எண்ணிக்கையிலை சேர்க்க ஏலாது."

"தெரியும் டொக்டர். இவரை நான் எண்ணேல்லை. அறுநூற்று நாற்பத்தொண்டும் இவர் இல்லாமல்தான்."

"இதை ஆர் பாப்பினம் எண்டு எனக்குத் தெரியாது எண்டு சொன்னனான்தானே."

"ஆர் பாத்தாலும் பாக்கட்டும்," என்றாள் யசிந்தா. "இந்தப் பேரைப் பாக்கச் சொல்லித்தான் எழுதினனான்."