கைபேசிக்குள் இருந்த தொண்டை

பொன்சியானோ லாருத்தாவுக்குச் சொந்தமென்று, மலைமேல் இருக்கும் எங்கள் எல் ஆல்டோ நகரத்தில் நிலமோ வீடோ வண்டியோ கிடையாது. இருந்தது ஒரு தொண்டை. சேஹா முனையில் மினிபஸ்கள் வந்து நிற்கும் இடத்தில், என் அடுப்புக்கு நேர் எதிரே நின்று, அந்தத் தொண்டையை வைத்துத்தான் அவன் காலம் தள்ளினான்.

"பெரேஸ், பெரேஸ், பெரேஸ்! பிராதோ! ஒரே ஒரு எடந்தான் பாக்கி, ஏறுங்க, கெளம்பிருச்சு!"

வண்டி காலியாகத்தான் நிற்கும். எல்லா இடமும் பாக்கி இருக்கும். ஆனாலும் கீழே லா பாஸ் நகரத்தில் பெரேஸுக்கும் பிராதோவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பொய்யை நம்பி ஓடி வருவார்கள். வண்டி நிறைந்ததும் ஓட்டுநர் ஜன்னல் வழியாக ஒரு நாணயத்தை நீட்டுவான். உடனே அடுத்த வண்டிக்குக் கூவத் தொடங்குவான் இவன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் அங்கே ஊதா மக்காச்சோளத்தில் அப்பி என்ற கஞ்சி காய்ச்சி விற்கிறவள். பெயர் இலாரியா. ஆனால் முனையில் எல்லாருக்கும் நான் கசெராதான். விற்கிற பெண்களை வாடிக்கைக்காரர்கள் எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பொன்சியானோ காலையில் முதல் கோப்பையை என்னிடம்தான் குடிப்பான், அதுவும் பாதிக் கோப்பை குடிப்பதற்குள் ஒரு வண்டி வந்துவிடும், கோப்பையை வைத்துவிட்டு ஓடுவான். திரும்பி வரும்போது அது ஆறிப்போயிருக்கும். ஆறிய அப்பி பசை மாதிரி ஆகிவிடும். அதற்காக நான் திட்டாத நாள் கிடையாது.

அவன் மனைவி அர்ஜென்டினாவுக்குத் தையல் வேலைக்குப் போனவள், போனவள்தான். அதைப் பற்றிக் கேட்டால், "ஒரே ஒரு எடந்தான் பாக்கின்னு சொல்லியே எல்லாரையும் ஏத்தி அனுப்புனேன் கசெரா, அவளும் ஏறிட்டா" என்று சிரிப்பான். சிரித்து முடித்ததும் இருமுவான்.

அந்த இருமலை நாங்கள் குளிர் என்று நினைத்தோம். இந்த உயரத்தில் யாருக்கு இருமல் இல்லை? பிறகு குரல் கரகரத்தது. பிறகு எச்சிலில் ரத்தம் வந்தது. மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று சொல்லிவிட்டார். உயிரை எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். முனைக்கு ஒரு கூவுகிறவன்தான் என்பது ஓட்டுநர் சங்கத்தின் ஏற்பாடு. யார் கூவினால் வண்டி நிறைகிறதோ அவனுக்கு முனை. சத்தம் நின்றால் முனை போகும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் கைபேசியை என் பலகை மேல் நிறுத்தி வைத்தான்.

"கசெரா, கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இரு. என் கொரல பதிவு பண்ணி வச்சிக்கப் போறேன்."

"உன் கொரலுக்கு நான் எதுக்குடா வாய மூடணும்?"

"ஒன்னக் கும்புடுறேன், இரு."

இருந்த மிச்சக் குரலையெல்லாம் திரட்டிக் கூவினான். பெரேஸ், பிராதோ, ஒரே ஒரு இடம். கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் கோப்பை வேறு பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் கத்திவிட்டேன்: "போதும்டா பொன்சியானோ, ஆறிப்போவுது, வந்து குடிச்சித் தொல!"

அதுவும் பதிவாகிவிட்டது. என்னை முறைத்துவிட்டு மறுபடி கூவ வாயைத் திறந்தான். இருமலும் ரத்தமும்தான் வந்தன. ஆக, பொன்சியானோவின் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஒன்றுதான், கடைசியில் என் வசவோடு.

திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு துளையும் அதன் மேல் வெள்ளைத் துணியும் இருந்தன. மூச்சு அந்த வழியாகப் போய் வந்தது. உதட்டை அசைப்பான், நான் பார்த்துப் புரிந்துகொள்வேன். முனையில் நின்று கைபேசியை உயரத் தூக்கிப் பிடித்தான். டீசல் இரைச்சலிலும் ஹாரன் சத்தத்திலும் அது யார் காதுக்கும் எட்டவில்லை. வில்ஃப்ரெதோ என்ற ஓட்டுநர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான்.

"என்ன மாயிஸ்த்ரோ, கைக்குள்ள கோழிக்குஞ்சு வச்சிருக்கீங்களா? கீச்சு கீச்சுங்குது?"

எல்லா ஓட்டுநர்களும் சிரித்தார்கள். மாயிஸ்த்ரோ என்பது தொழில் தெரிந்தவருக்கு நாங்கள் சொல்லும் மரியாதைச் சொல்தான், அன்று அப்படிக் கேட்கவில்லை. ஒலிபெருக்கி வைக்கலாம்தான். ஆனால் அந்த வருடம் நகராட்சிக் காவலர்கள் ஒலிபெருக்கியைக் கண்டால் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கைபேசியை மட்டும் அவர்கள் தொடவில்லை. அதனால் அந்தக் கைபேசியே கத்தியாக வேண்டும், இல்லையென்றால் பொன்சியானோவுக்கு முனை இல்லை.

நடைமேம்பாலத்தில் கைபேசி பழுது பார்க்கும் குரோவரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

"பட்டன உச்சத்துல வச்சாலும் இவ்வளவுதான் வரும் கசெரா" என்றான் குரோவர். "செஞ்சவன் உள்ளுக்குள்ள ஒரு பூட்டுப் போட்டு வச்சிருக்கான். அதத் தொறக்கணும்."

யாருக்கோ போன் செய்வதுபோல எண்களை அழுத்தினான். நடுநடுவே நட்சத்திரக் குறி, சதுரக் குறி. எந்த மணியும் அடிக்கவில்லை. பதிலாக ஒரு பக்கம் திறந்தது. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, வெறும் வரிகளும் எண்களும். அதற்குள் போய், அதற்குள்ளும் போய், ஒலி என்ற இடத்தில் நிறுத்தினான்.

"இங்க நூத்தி நாப்பதுன்னு இருக்கு பாருங்க. நூத்தி அறுபது வைக்கிறேன். இதுக்கு மேல மட்டும் போகக் கூடாது மாயிஸ்த்ரோ. ஸ்பீக்கருக்குள்ள காகிதம் மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு. அளவுக்கு மேல கத்த வச்சா தொண்ட கிழியிற மாதிரி..." என்றவன் பொன்சியானோவின் கழுத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பொன்சியானோ கண்டுகொள்ளவில்லை. அவன் கண் குரோவரின் விரல்மேல் இருந்தது. மறுநாளிலிருந்து ஜெபமாலை உருட்டுவதுபோல அந்த எண்களைப் பெருவிரலால் காற்றில் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தான். எந்த எண் எதற்கு என்று தெரியாது. வரிசை மட்டும் விரலில் ஏறிவிட்டது.

கைபேசி கத்தியது. கத்தியது என்றால் அப்படி ஒரு கத்தல். தெருவின் அந்தக் கோடியில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிகள் நிறைந்தன. ஒவ்வொரு தடவையும் கடைசியில் என் வசவும் வரும். ஏறுகிறவர்கள், "யாருங்க அந்தப் பொன்சியானோ, குடிச்சானா இல்லையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவன், தன் குரல் ஒலிக்கும்போதெல்லாம் கூடவே உதட்டை அசைத்தான். தள்ளி நின்று பார்த்தால் அவனே கூவுவதுபோல இருக்கும். அதைப் பார்க்கும்போது மட்டும் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஓட்டுநர்களுக்கு ஆசை வந்தது. "எங்களுக்கு அனுப்பி விடுங்க மாயிஸ்த்ரோ. நாங்களே வண்டியில போட்டுக்கிறோம். நீங்க கம்பளியப் போத்திக்கிட்டு வீட்டுல படுங்க" என்றான் வில்ஃப்ரெதோ. பொன்சியானோ கைபேசியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். குரோவர், பாதுகாப்புக்கு ஒரு நகல் தன்னிடம் இருக்கட்டும் என்றான். அதற்கும் முடியாதென்றான்.

"ஏண்டா, குரோவர்கிட்ட இருந்தா என்னடா?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

அவன் உதடு அசைந்தது. தெளிவாகப் படித்தேன். "அப்புறம் நான் எதுக்கு?"

திருவிழாச் செவ்வாய் வந்தது. அன்று நாங்கள் சல்யா செய்வோம். வீடு, கடை, வண்டி என்று எது நமக்குச் சோறு போடுகிறதோ அதற்குக் காகிதச் சுருள் சுற்றி, பூ இதழ் தூவி, முதலில் பூமித்தாய் பச்சமாமாவுக்கென்று தரையிலும் பிறகு அந்தப் பொருளின் மேலும் சாராயம் தெளிப்போம். சோறு போட்டதற்குத் தாகம் தீர்க்காவிட்டால் அது நம்மை விட்டுப் போய்விடும். நான் என் பானைக்குத் தெளித்தேன். வில்ஃப்ரெதோ வண்டிச் சக்கரத்துக்கு ஒரு முழு பீரை ஊற்றினான். பொன்சியானோ நெய்த துணியை விரித்து நடுவில் கைபேசியை வைத்தான். சுருள் சுற்றினான், இதழ் தூவினான். விரல் நுனியால் தெளித்தான். அது அவன் மனதுக்குப் போதவில்லை. இந்த வருடம் அவனுக்குச் சோறு போட்டது அது ஒன்றுதானே. குப்பியைச் சாய்த்து நன்றாகவே ஊற்றினான். முனையில் அத்தனை பேர் நின்றோம், ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நன்றியைக் கஞ்சத்தனமாகச் சொல்வதுதான் தப்பு என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

அடுத்த நாள் குரல் சளி பிடித்ததுபோல வந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. குரோவர் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. பொன்சியானோ தானே அந்த மறைவான பக்கத்தைத் திறந்து எண்ணை ஏற்றினான். கொஞ்சம் சரியானது. மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினான்.

"டேய், அளவு சொன்னானேடா அவன்" என்றேன்.

வண்டி நிற்கிறது பார் என்று கையைக் காட்டினான். ஆள் ஏறாமல் இரண்டு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. உச்ச எண்ணை வைத்து அழுத்தினான். "பெரேஸ்" என்று தொடங்கியது. கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது. கைபேசி அவன் கையில் அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது.

குரோவர் வந்து பிரித்துக் காட்டினான். உள்ளே இதழின் சாயமும் சாராயப் பிசுபிசுப்பும் பச்சைக் களிம்பும்.

"ஸ்பீக்கர் கிழிஞ்சத மாத்திரலாம் மாயிஸ்த்ரோ. ஆனா உள்ள பலகையே அரிச்சுப் போச்சு. அதுல இருந்தது எதுவும் திரும்பி வராது."

பொன்சியானோ பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். சத்தமே இல்லை. கழுத்துத் துணி மட்டும் உப்பி உப்பி அடங்கியது. அழுவதற்கும் தொண்டை வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன், இரண்டு பேருக்குமாகச் சத்தம் போட்டு.

அதன் பிறகும் அவன் முனைக்கு வந்தான். கையை வீசி ஆட்களைக் கூப்பிடுவான். ஊமை கண்ட கனவுபோல யாருக்கும் அது புரியவில்லை.

ஒரு காலை நான் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது, "பெரேஸ், பெரேஸ், பெரேஸ்!" என்று மெல்லிசாகக் கேட்டது. நிமிர்ந்தேன். வில்ஃப்ரெதோவின் வண்டி ஜன்னலில் அவன் கைபேசி. பொன்சியானோவின் குரல். கடைசியில் நான்.

கரண்டியோடு போனேன். "திருட்டுப் பயலே! எழவு விழுந்த வீட்டுலயே திருடுவியேடா நீ!"

"எதுக்குத் திருட்டுங்கிறீங்க கசெரா? அவர் தெருவுல சத்தமாப் போட்டாரு. நான் என் போன நீட்டிப் பதிவு பண்ணிக்கிட்டேன். தெருவுல கேக்குறது யாரு சொத்து?"

அவன் சொன்னது எனக்கு உறைத்தது. கோழிக்குஞ்சுபோலக் கீச்சிட்டவரை அதை யாராலும் பிடித்திருக்க முடியாது. சத்தத்தை ஏற்றிக்கொடுத்ததால்தான் அது திருட்டுப் போனது. சங்கத்து ஓட்டுநர்கள் எல்லாருக்கும் அவன் அனுப்பியும் விட்டிருந்தான். இனி முனையில் கூவ ஆளே தேவையில்லை என்று சங்கமும் சொல்லிவிட்டதாம்.

பொன்சியானோ வந்து நின்றான். வில்ஃப்ரெதோ கொஞ்சம் நெளிந்தான், ஆனாலும் கேட்டேவிட்டான். "ஒங்களுது மாதிரி அதே போன்தான் மாயிஸ்த்ரோ. சத்தம்தான் பத்தல. குரோவர் கூலி அதிகம் கேக்குறான். ஒங்களுக்கு அந்த நம்பர் தெரியுமே..."

பொன்சியானோ கையை நீட்டிக் கைபேசியை வாங்கினான். தரையில் அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏத்துடா!" என்று கத்தினேன். "உச்சத்துல வச்சிக் குடு! இவனுதும் கிழியட்டும்!"

அவன் விரல் பிசகாமல் ஓடியது. அந்தப் பக்கம் திறந்தது. நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நூற்று அறுபதில் நிறுத்தினான். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. பிறகு ஓடவிட்டு, முழுவதையும் கேட்டான். இந்தத் தடவை உதடு அசையவில்லை. யாரோ அந்நியன் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டான். என் வசவு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். கைபேசியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். வில்ஃப்ரெதோ ஒரு நாணயத்தை நீட்டினான், அவன் வாங்கவில்லை.

மற்ற ஓட்டுநர்களும் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அதே அளவு, அதே பொறுமை. அதுதான் அவன் அந்த முனையில் செய்த கடைசி வேலை. முடித்துவிட்டு என் பலகையில் உட்கார்ந்து ஒரு கோப்பை அப்பியை, வாழ்க்கையில் முதல் தடவையாக, சூடாகவே முழுவதும் குடித்தான்.

"ஏண்டா கிழிக்காம விட்ட?" என்றேன்.

உதட்டை அசைத்தான். "என் கொரல் கசெரா அது."

எங்கள் பக்கம் ஜூன்தான் கடுங்குளிர் காலம். அந்தக் குளிர் அவன் கழுத்துத் துளை வழியாக நேராக நுரையீரலுக்குள் போனது. வாடகை அறையில் அவன் செத்துக் கிடந்ததை அறையின் சொந்தக்காரிதான் பார்த்திருக்கிறாள். புதைக்கப் போனவர்கள் குரோவரும் நானும் இன்னும் சிலரும். வண்டி ஓட்ட வேண்டும் என்று ஓட்டுநர்கள் வரவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல அடுப்பைப் பற்ற வைத்தேன். முதல் வண்டி வந்து நின்றது. ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்று பொன்சியானோ பொய் சொன்னான்; ஜனங்கள் ஓடிப்போய் ஏறினார்கள். பிறகு என் குரல் வந்தது.

வில்ஃப்ரெதோவிடம் போய், "என் கொரல மட்டுமாவது வெட்டி எடுத்துருடா" என்று கெஞ்சினேன்.

"எப்படி வெட்டுறதுன்னு எனக்குத் தெரியாதே கசெரா" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. முனையில் யாருக்கும் தெரியாது. வண்டிக்கு வண்டி, விடியலிலிருந்து மதியம்வரை, ஆறிப்போகுது, வந்து குடி என்று நான் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.