ரஷ்யா தட்டில் பெலாருஸ், இந்தியா தட்டில் நாங்கள்

போன வருஷம் மழைக்காலம். யாங்கோனில், லான்மடாவ் பக்கம் உள்ள ஒரு தனியார் நூலகத்துக்கு தினமும் போய்க்கொண்டிருந்தேன். அறிவுப் பசி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் கரண்ட் போனாலும் அங்கே ஜெனரேட்டர் ஓடும். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியும் உண்டு.

ஒருநாள் அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட்டார்கள். ஆங்கில வகுப்பு நடத்தும் பெலாருஸ் நாட்டுப் பெண் ஒருவர் நூலகரம்மாவிடம் கொதித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு பர்மிய மொழிதான் வரும். அரைகுறை ஆங்கிலம் வைத்திருந்த நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். அந்தப் பெண் தன் நாட்டுப் பாட்டுகள், கவிதைகள், நெசவுக் கோலங்கள் என்று புத்தகங்களை ஊரிலிருந்து சுமந்து வந்து நன்கொடையாகக் கொடுத்திருக்கிறார். அவை 'ரஷ்யா' என்று எழுதிய தட்டில் இருந்தன.

நான் சமாதானத் தூதன் அல்லவா? "எழுத்து ஒரே மாதிரிதானே இருக்கு, கொஞ்சம் அனுசரிச்சுக்கலாமே" என்றேன். அதையே பர்மிய மொழியிலும் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பக்கத்து நாட்டுப் பேர்ல வச்சா, நாங்க இல்லவே இல்லேன்னு ஆயிடும். உங்க புத்தகம் எங்கே இருக்கு, காட்டுங்க பார்க்கலாம்" என்றார்.

நான் பிறந்தது யாங்கோன்; என் அப்பாவும் இங்கேதான் பிறந்தார். நேராக மியன்மா தட்டுக்குப் போனேன். தமிழே இல்லை. கடைசியில் 'இந்தியா' தட்டில், இந்தி இலக்கணத்துக்கும் தாஜ்மகால் படப் புத்தகத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது, எங்கள் ஆட்கள் எழுதி இங்கேயே அச்சடித்த கும்மிப் பாட்டுப் புத்தகம். யாங்கோன் பக்கத்து த்வாண்டே ஊர்ப் பானையும் தன்லியின் ஊர்ப் படகும் வருகிற பாட்டு! இந்தியாவை நான் சினிமாவில் பார்த்ததோடு சரி.

"இதை ஏன் ஸயாமா இங்கே வச்சீங்க?" என்று நூலகரம்மாவிடம் கத்தினேன். ஸயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சரம்மா.

"எல்லாம் இந்தியா எழுத்துதானே தம்பி. கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க."

பெலாருஸ் பெண் அன்றைக்கே அட்டை வெட்டி, தன் நாட்டின் பெயரை எழுதி, ஒரு தட்டைப் பிடித்து ஒட்டிவிட்டுத்தான் போனார். எங்கள் புத்தகத்துக்கு மட்டும் "மேலே கேட்கணும்" என்றார் ஸயாமா. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் அதை எடுத்து மியன்மா தட்டில் செருகிவிட்டு வருகிறேன். மறுநாள் பார்த்தால் இந்தியாவுக்குப் போய்விட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிடைக்காத விசா, அந்தப் புத்தகத்துக்கு மட்டும் கேட்காமலே கிடைக்கிறது.

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன், ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. 'அனுசரிச்சுக்கோங்க' என்று யார் சொன்னாலும், என் வாயே சொன்னாலும், இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.