கை எலும்பு முறிந்த விதம்

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் என் தங்கையின் தலைமுடியைப் பிடித்து, பந்தல் கல்தூணில் அவள் தலையை மோதிக்கொண்டிருந்தார் அவள் புருஷன். சத்தம் போட்டுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பி என் வலது கையை முதுகுப் பக்கம் வளைத்தார்.

"என் பொண்டாட்டிய நான் அடிப்பேன். கேக்க நீ யாருடா?"

ஒரே முறுக்கு. எலும்பு உடைந்த சத்தம் அவருக்கும் கேட்டது. கையை விட்டுவிட்டு, ஏசிக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

தேனி ஆஸ்பத்திரியில், பந்தலிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். கேஸ் என்று போனால் தங்கையின் வாழ்க்கை கெட்டுவிடும் என்று பயம். டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் எலும்பு சுற்றிப் பிளந்திருந்தது. அதை ஒட்டி ஓடும் நரம்பும் நசுங்கியதால், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கியது.

"விழுந்தா பெரும்பாலும் தோள்கிட்ட ஒடையும். இது முறுக்குன மாதிரி இருக்கு. யாரு செஞ்சது?"

"விழுந்ததுதாம்மா," என்றேன் தரையைப் பார்த்து.

"நீ சும்மா இருண்ணே," என்றாள் தங்கை. அவளுக்கு நெற்றி வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. "என் வீட்டுக்காரருதான் முறுக்குனாக, எழுதிக்கங்க. கல்யாணமானதுலருந்து எனக்கும் இதே முறுக்குதான். என் எலும்பு கொஞ்சம் கெட்டி, அதான் இங்கன வரல."

"திரும்ப அங்கன போகணும்ல தாயி?" என்றேன் அவளிடம்.

"எதுக்கு? ஒன் இன்னொரு கையையும் ஒடைக்கவா?"

டாக்டரம்மா போலீசுக்கு எழுதினார். கட்டுப் போட்டதும் தங்கை நாங்கள் பிறந்த ஊர் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி, உடைந்த கைப் பக்கம் வேறு யாரும் இடிக்காதபடி உட்கார்ந்துகொண்டாள்.